கப்பலுக்கு மேலே ஒரு மொபெட்

கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த அத்தனை பேரிலும், தன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் கரிசல் மண் இருக்கிறது, அதற்குக் கீழே பாறை இருக்கிறது, அதற்கும் கீழே கொஞ்சம் தண்ணீர் இருந்தால் நல்லது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டவர்கள். அவர் நிறுத்தவில்லை. பாறையைத் தாண்டி, பூமியின் நடுவயிற்றைத் தாண்டி, மறுபக்கத் தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அங்கே கடல் இருந்தது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு தங்கிவிட்டது. ஊருக்கு அவர் 'நேர்கீழ் அண்ணாச்சி'. யாரைப் பார்த்தாலும், "நமக்கு நேர்கீழ என்ன இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டதால் வந்த பெயர். கேட்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு துளியும் இருக்காது. சாவு விழுந்த துஷ்டி வீட்டு வாசலில் நின்று 'எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்' என்று விசாரிப்பவரின் முகம் அது.

பஸ் நிலையத்துக்குப் பின்சந்தில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத் வைத்திருந்தார். தொண்ணூற்றிரண்டில் திறந்தது. அவர் தொண்ணூற்று மூன்று என்பார். தேதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அவரும் விட்டுக்கொடுப்பதில்லை. அதனாலேயே சிநேகிதமானோம்.

பூத்துக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது போன் அல்ல, சுவர். நடுவில் பெரிய உலகப்படம். அதைச் சுற்றி ஊர்ப்படங்கள்: குவைத், தோஹா, மஸ்கட், சிங்கப்பூர். லீவில் வந்து திரும்புகிறவர்களிடம் கடலைமிட்டாய் டப்பாவைக் கொடுத்து, "அடுத்த தடவ வரும்போது ஒங்க ஊரு மேப் ஒண்ணு" என்று சொல்லிச் சேர்த்தவை. அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு சட்டம் இருந்தது. பேசப்போகிற ஊரை விரல் வைத்துக் காட்டாதவர்களுக்கு லைன் கிடையாது.

"குவைத்துக்கு ஒரு கால் போடணும் அண்ணாச்சி."

"குவைத் எங்கன இருக்கு?"

"அது எனக்கு எதுக்கு? கையில நம்பர் இருக்குல்லா?"

"நம்பரு போனுக்கு வே. ஒமக்கு? ஒம்ம மவன் எந்தத் தெருவுல இருக்கான்னு வெரல வையும். கண்ணக் கட்டிக்கிட்டு எப்படிப் பேசுவீரு?"

அவரே தெருவைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். வந்தவர் அந்த உற்சாகத்தோடு கூண்டுக்குள் போய், "ஏலே, ஒன் ரூமுக்குப் பின்னால பெரிய பார்க்கு இருக்காமே, நாலு வருசமா சொல்லவே இல்லியேடா" என்பார். அந்தப் பக்கம் மகன் அரண்டுபோவான். அப்பா சொல்லாமல் கொள்ளாமல் குவைத்துக்கு வந்து இறங்கிவிட்டார் என்று நினைத்து, ஒரு பையன் விமான நிலையத்துக்கே ஓடியதாகக் கேள்வி.

ஊர் தெரிந்தால் போதாது. அந்த ஊரின் நேர்கீழும் தெரிய வேண்டும். கயத்தாறிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகளுக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை, நாளைக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் சித்தப்பாவிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

"சிங்கப்பூரா? நல்ல ஊரு. சுத்தமான ஊரு," என்றார் அண்ணாச்சி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா நேர்கீழ காடு."

"என்ன காடு?"

"ஈக்வடார்னு ஒரு நாடு. அதுல அடர்ந்த காடு. வெயிலு தரையத் தொடாது. பாம்பெல்லாம் மரத் தண்டி இருக்கும்."

பெரியவர் பேசாமல் எழுந்து, வந்த பஸ்ஸிலேயே கயத்தாறுக்குத் திரும்பிவிட்டார். அந்தச் சம்பந்தத்தை மறுபடி ஒட்டவைக்க இரண்டு ஊர்ப் பெரியவர்கள் நடையாய் நடந்தார்கள். கல்யாணத்துக்கு அண்ணாச்சியும் போனார். சிங்கப்பூர் வரைபடத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மொய்யோடு வைத்துவிட்டு வந்தார்.

பூத்தில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் அடுத்தடுத்துத் தொங்கின. ஒன்றின் கீழே 'கோவில்பட்டி' என்று எழுதியிருக்கும். இன்னொன்றின் கீழே 'நேர்கீழ்'. இரண்டும் ஒரே மணியைக் காட்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள்.

"ரெண்டும் ஒரே மணிதான காட்டுது அண்ணாச்சி? பெறவு எதுக்கு ரெண்டு?"

"இது பகல் பன்னெண்டு. அது ராத்திரி பன்னெண்டு."

அவர் சொன்னது சரி. உலகத்தில் எந்த ஊருக்குக் கடிகாரம் வைத்தாலும் முள்ளை முன்னே பின்னே தள்ள வேண்டியிருக்கும். நேர்கீழுக்கு மட்டும் தள்ள வேண்டியதில்லை. பகலை இரவாக்கிக்கொண்டால் போதும்.

அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் ஊரின் நேர்கீழ் பசிபிக் சமுத்திரம். பெரு நாட்டுக் கரையிலிருந்து மேற்கே வெகுதூரம் வெறும் தண்ணீர். ஒரு திட்டு, ஒரு பாறை, ஒரு கலங்கரை விளக்கம் கிடையாது. இந்தியாவில் எங்கே நின்று குத்தினாலும் அநேகமாகக் கடலில்தான் போய் முடியும். ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு மூலைக்கு மட்டும் மறுபக்கம் சின்னத் தீவு ஒன்று வாய்த்திருக்கிறது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

"மணல்ல கெடக்கவனுக்குத் தீவு. நமக்கு உப்புத்தண்ணி," என்பார்.

"கீழ அம்புட்டுத் தண்ணி இருந்தும் இங்கன போர் போட்டா காத்துதான் வருது," என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் வரும். நகராட்சிக் குழாயில் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அண்ணாச்சி சிரிக்க மாட்டார். "தூரம் இருக்குல்லா," என்பார்.

இவ்வளவும் சிரிப்புக்குரிய காரியங்கள். அடுத்து வருவதை நான் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டு வைகாசி. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடை. கழுகுமலை ரோட்டில் ஒரு சிற்றூரிலிருந்து பேச்சியம்மாள் பூத்துக்கு வந்தாள். ஆடு மேய்க்கிற குடும்பம். புருஷன் இல்லை. ஒரே மகன் மாடசாமி. மீசை இன்னும் ஒழுங்காகக் கூடாத பையன். தூத்துக்குடியில் யாரையோ பிடித்து, சரக்குக் கப்பல் சமையல்கட்டில் எடுபிடியாகச் சேர்ந்திருந்தான். முதல் பயணம். முந்தின நாள் காலையில் தென் அமெரிக்காவில் சிலி நாட்டுத் துறைமுகத்திலிருந்து பூத்துக்குப் பேசி, 'நாளைக்கு இதே நேரம் அம்மாவ வரச் சொல்லுங்க' என்று சொல்லிவைத்தான். மினி பஸ் கண்டக்டர் மூலம் தகவல் போயிற்று. பேச்சியம்மாள் முதல் வண்டியிலேயே வந்துவிட்டாள். அன்று நானும் பூத்தில் இருந்தேன்.

கண்ணாடிக் கூண்டுக்குள் கதவைச் சாத்தினால் அவளுக்கு மூச்சு முட்டியது. திறந்துவைத்துக்கொண்டே பேசினாள். தூரத்துக்கு ஏற்ற சத்தம்.

"கத்த வேண்டாம் தாயி. அது பாட்டுக்கு வயருல போயிரும்," என்றார் அண்ணாச்சி.

"சாப்பிட்டியால? ... என்ன? ... ஏலே, அழாத. ஏ ராசா, அழாதலே. ... நாளைக்குக் கெளம்புதா? எங்க? ... சீனாவா? எம்புட்டு நாளு? ... ஒரு மாசமா! நடுவுல ஊரே கெடையாதா? ... மரம் கூடவா தெரியாது?"

அதற்குப் பிறகு வெகுநேரம் அவன்தான் பேசினான். காய்ந்துபோன அவள் கன்னத்தில் கண்ணீர் நேர்க்கோடாக இறங்கியது. சுற்றி ஒன்றுமே இல்லை, ஒரு ஆளும் தமிழ் பேசுவதில்லை, இந்த ஒரு மாதம் முடிவதற்குள் என்ன ஆவேன் என்று தெரியவில்லை என்றிருக்கிறான். பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"பயப்படாதலே," என்றாள். "அம்மா ஒங்கூட வாரேன்."

சொல்லிவிட்டு ரிசீவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்படிப் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பெற்ற பிள்ளையிடம் சொல்லியாயிற்று.

அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி அவள் கையிலிருந்து ரிசீவரை மெல்ல வாங்கினார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, கப்பலு மணிக்கு எம்புட்டு வேகம் போகும்?"

வரிசையில் நின்ற ஒரு ஆசாமிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்தப் பொம்பள அழுதுகிட்டு நிக்கா. இவரு வேகம் கேக்காரு!"

அண்ணாச்சி காதில் வாங்கவில்லை. எந்தத் துறைமுகம், நாளை எத்தனை மணிக்குப் புறப்பாடு, எந்தத் திசை, எல்லாவற்றையும் கேட்டார். பையன் யாரோ அதிகாரியிடம் ஓடிப் போய்க் கேட்டு வந்து சொன்னான். அந்த நிமிடங்களுக்கு அவன் அழவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி சொல்லியனுப்பினார். பேச்சியம்மாள் தன் கொழுந்தன் சங்கரபாண்டியோடு வந்தாள். சங்கரபாண்டி முழங்கைக்கு மேல் தாயத்து கட்டிய, எதையும் நம்பாத மனிதர்.

அண்ணாச்சியிடம் ஒரு பிளாஸ்டிக் உலக உருண்டை இருந்தது. அதில் நூல் பிடித்துச் சிலியிலிருந்து சீனாவுக்குக் கோடு போட்டிருந்தார். ஆனால் அதைக் காட்டி விளக்கினால் புரியாது என்று நினைத்து, ஒரு கடலை உருண்டையை எடுத்து மேசையில் வைத்தார். எறும்பு வருவதற்காகக் காத்திருந்தார். முதல் எறும்பு சீக்கிரம் வந்தது. இரண்டாவது எறும்பு அடிப்பக்கமாகப் போய் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று. வெளியூர் கால் பேச வந்த இரண்டு பேரும் வந்த வேலையை மறந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல நிக்கது நீ. கீழ நிக்கது ஒம் மவன்," என்றார் அண்ணாச்சி.

பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள். "அப்போ எம் மவன் தலகீழாவா நிக்கான்?"

"அவனக் கேட்டா நாமதான் தலகீழா நிக்கோம்."

சங்கரபாண்டி தன் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அண்ணாச்சி எங்கள் வட்டாரத்தின் வரைபடத்தை விரித்தார். அதில் பென்சிலால் ஒரு கோடு. கப்பல் போகிற வழிக்கு நேர் எதிரே, பூமியின் இந்தப் பக்கத்தில் விழுகிற கோடு. அது வங்காள விரிகுடா, மன்னார் வளைகுடா வழியாக வந்து, குளத்தூருக்குக் கிழக்கே கரையேறி, விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் என்று மேற்கே போய், புளியங்குடி தாண்டி மலையில் ஏறி, கேரளத்தைக் கடந்து அரபிக்கடலில் இறங்கியது.

சங்கரபாண்டிக்கு இது மட்டும் உடனே புரிந்தது. "இது நம்ம பஸ்சு போற ரூட்டுல்லா?"

"ஏறக்குறைய. வார வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணி வாக்குல ஒங்க பையன் குளத்தூருக்கு நேர்கீழ வந்திருவான். சாயந்திரத்துக்குள்ள மலையத் தாண்டிருவான்."

அண்ணாச்சி அதோடு முடித்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை ஒரு தகவலைச் சொல்லவேண்டியவரிடம் சொல்லியாயிற்று. பேச்சியம்மாள் மட்டும் கோட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"என்ன வேகத்துல போவான்?"

"எம் மொபெட் போற வேகம்தான். இருவத்தஞ்சு."

"அப்போ கூடவே போயிரலாம்லா அண்ணாச்சி? ஆட்டுக்குப் பின்னால போற மாதிரி."

அண்ணாச்சி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக நேர்கீழைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மனிதர். பார்க்கலாம், குறிக்கலாம், வருத்தப்படலாம் என்றுதான் நினைத்திருந்தார். அதோடு சேர்ந்து நடக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

சங்கரபாண்டி எழுந்துவிட்டார். "மதினி, கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? இவரு வண்டியில பின்னால ஒக்காந்து நீ ஊரு ஊராப் போனா நாலு பேரு என்ன பேசுவான்? நானும் வாரேன். மூணு பேராப் போவோம்."

"மூணு பேரு ஏறுனா வேகம் கொறைஞ்சிரும்," என்றார் அண்ணாச்சி. "கப்பலு முந்திரும்."

சங்கரபாண்டி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பஸ்ஸில் போவார். ஒவ்வொரு ஊரிலும் முன்னதாக இறங்கி நின்று, மொபெட் வருகிறதா, மதினி மரியாதையாக உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறுவார். ஆக, கப்பலுக்குத் துணையாக ஒரு மொபெட், மொபெட்டுக்குத் துணையாக ஒரு பஸ்.

நான் அன்று கூடப் போகவில்லை. மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே குளத்தூரைத் தாண்டி உப்பளத்துப் பக்கம் போய் நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பேச்சியம்மாள் தலைமுழுகி, பெட்டியில் இருந்த ஒரே பட்டைக் கட்டியிருந்தாள். பதினோரு மணி ஆனதும் அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கரை ஏறிட்டான்," என்றார்.

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் கையை நெற்றிக்கு வைத்துக் கடலைப் பார்த்தார்கள். "எங்க அண்ணாச்சி கப்பல்? ஒண்ணையும் காணோமே."

"கடல்ல பாக்காதீங்க. கீழ பாருங்க."

அவர்கள் குனிந்து பார்த்தார்கள். அதற்குள் மொபெட் கிளம்பிவிட்டது.

முள் இருபத்தைந்தில் நின்றது. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. மாட்டுவண்டி குறுக்கே வந்தால் மட்டும் சற்று நின்று, விட்ட தூரத்தைப் பிறகு பிடிப்பார். மற்ற மொபெட்காரர்கள் முந்திப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். விளாத்திகுளத்தில் சங்கரபாண்டி கைகட்டி நின்றார். எட்டயபுரத்திலும் கைகட்டி நின்றார். ஒரு கண்டக்டர், "ஒமக்கு என்ன சோலி, ஊருக்கு ஊரு எறங்கி ஏறுதீரு?" என்று கேட்டதற்கு, "கப்பல் போகுதுல்லா," என்றாராம். காலையில் நம்பாமல் கிளம்பிய மனிதர்.

வழியெல்லாம் பேச்சியம்மாள் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி ஒருமுறை ஹாரன் அடித்தபோது மட்டும் அவர் தோளைத் தட்டினாள்.

"சத்தம் போடாதீங்க. அங்க ராத்திரில்லா? தூங்குதான்."

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஹாரன் அடிக்கவில்லை. வழியில் குறுக்கே நின்ற ஆடுமாடுகளிடம், "கொஞ்சம் தள்ளிக்கோங்க," என்று வாயால் கேட்டுக்கொண்டு போனார்.

கோவில்பட்டியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் ஒன்று தூரத்தில் வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அவருக்கு வழக்கமில்லாத பதற்றத்தோடு கேட்கீப்பரிடம் போனார்.

"கேட்டத் தொறங்க வே. கப்பலு போயிக்கிட்டே இருக்கு."

"கோவில்பட்டியில எங்கவே கப்பலு?"

"நேர்கீழ."

அவரை ஊரில் தெரியாதவர் யார்? கேட்கீப்பர் ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தார், பின்னால் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். "சட்டப்படி தொறக்க முடியாது அண்ணாச்சி," என்றார் வருத்தத்தோடு. "ரயிலு போனதும் மொதல்ல ஒங்களத்தான் விடுவேன்." அப்படியே விட்டார். லாரிக்காரர்களைக் கைகாட்டி நிறுத்திவைத்துவிட்டு விட்டார்.

கழுகுமலையில் வெயில் சாய ஆரம்பித்தது. சங்கரன்கோவிலில் சங்கரபாண்டி சர்பத்தோடு நின்றார். நான்கு மணி சுமாருக்குப் புளியங்குடி தாண்டி, மலையடிவாரத்தில் தார் ரோடு முடிந்து, வண்டிப்பாதையும் முடிந்தது. எதிரே மலை சுவராக நின்றது. அண்ணாச்சி இன்ஜினை அணைத்தார்.

"இதுக்கு மேல வழி இல்ல தாயி. இன்னும் கொஞ்ச நேரத்துல மலையத் தாண்டி, கேரளத்தத் தாண்டி, கடல்ல எறங்கிருவான்."

"இப்போ அங்க என்ன நேரம்?"

"விடியப்போவுது. நாலு மணி. சமையல்கட்டுல மாவு பெசையணும்லா, எந்திரிக்கிற நேரம்தான்."

பேச்சியம்மாள் இறங்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டு நாலு அடி முன்னால் போய் நின்றாள். தரையைப் பார்த்து, வீட்டில் பாயில் கிடக்கிற பிள்ளையை எழுப்புகிற அதே குரலில் சொன்னாள்:

"ஏலே மாடசாமி, எந்திரில. விடிஞ்சிட்டு. அம்மா இம்புட்டு தூரம் வந்துட்டேன். இனிமே நீ பாத்துப் போயிரு, என்ன?"

பின்னால் பஸ்ஸை விட்டு ஓடிவந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்த சங்கரபாண்டி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பிறகு வந்த ஒரு மாதத்தில் அண்ணாச்சி ஊரிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. "நேத்து நேர்கீழ ஒரு சுறா போச்சே, பாக்கலியா?" என்பார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. கப்பல் சீனா சேர வேண்டிய நாள் வந்தது. போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பேச்சியம்மாள் காலை பஸ்ஸில் வந்து பூத்து வாசலில் உட்கார்ந்து, கடைசி பஸ்ஸில் திரும்பினாள். கேலி நின்றுபோயிற்று. ஊரில் யாரும் இன்னொருவர் முகத்தைப் பார்த்து மாடசாமி என்ற பெயரைச் சொல்லவில்லை. அண்ணாச்சி அந்த நாட்களில் போனுக்கு ஒரு கை தூரத்தைத் தாண்டிப் போகவில்லை. டீ கூடக் கடையிலிருந்து வரவழைத்துக் குடித்தார்.

வந்தது. நாலாம் நாள் சாயந்திரம் போன் மணி அடித்தது. அண்ணாச்சிதான் எடுத்தார். "மாடசாமியா!" என்று அவர் போட்ட சத்தம் சந்து முனைவரை கேட்டது. அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பிறகு எதையோ கேட்டார். பதிலைக் கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது. ரிசீவரைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டு, உலகப்படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவள் பேசினாள், சிரித்தாள், அழுதாள். "நாங்க ஒங்கூடவே வந்தோம்லே, புளியங்குடி வரைக்கும்!" என்றாள். அந்தப் பக்கம் பையன் சிரிப்பது எங்களுக்கே கேட்டது. அடுத்த பயணத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.

அவள் போனை வைத்ததும் அண்ணாச்சி எழுந்து நின்றார். அவரால் ஒரு புள்ளியைத் தள்ளிச் சொல்ல முடியாது. அது அவர் நோய்.

"தாயி, ஒரு தப்பு நடந்துபோச்சு. கெளம்புற அன்னைக்கு அங்க அலை பெருசாம். நாலு நாளு கப்பல வெளிய விடல. நாம போன அன்னைக்குக் கப்பலு பாதி வழிகூட வரல." திரும்பி உலகப்படத்தைப் பார்த்தார். "அன்னைக்கு நேர்கீழ அவன் இல்ல. வெறுங்கடலு மேலதான் ஒன்ன கூட்டிக்கிட்டுப் போயிருக்கேன்."

சங்கரபாண்டி வாசலில் நின்றவர் உள்ளே வந்தார். நான் எழுந்தேன், அவரைத் தடுப்பதற்காக. பேச்சியம்மாள் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அதுல என்ன அண்ணாச்சி தப்பு? ஆட்டுக் கெடைய ஒரு ஊருல இருந்து அடுத்த ஊருக்கு மாத்துறதுக்கு முன்னால, ஒரு ஆளு வெறுங்கையோட போயி வழியப் பாத்துட்டு வரணும்லா? தண்ணி எங்கன இருக்கு, முள்ளு எங்கன கெடக்குன்னு. பெறவுதான ஆட்டப் பத்துவோம்? அன்னைக்கு நாம வழி பாத்துட்டு வந்தோம். நாலு நாளு கழிச்சு அவன் பத்திரமாப் போயிட்டான்."

சங்கரபாண்டி, "மதினி சொல்லுதது சரிதான்," என்றார். "ஆட்டுக்கு முன்னால ஆளு போவணும்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். தூசி ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மறு வருடம் மாடசாமியின் கப்பல் மறுபடி சிலியிலிருந்து சீனாவுக்குக் கிளம்பியது. அண்ணாச்சி நூல் பிடித்துக் கணக்குப் போட்டார். கப்பல் நேர்கீழே வருவது சனிக்கிழமை என்று தெரிந்தது. ஆனால் அவரும் பேச்சியம்மாளும் குளத்தூருக்குப் புறப்பட்டது வியாழக்கிழமை. முன்கூட்டியே பஸ் ஏறிவிட்ட சங்கரபாண்டியையும் சேர்த்தால் மூன்று பேர்.

அந்த வியாழக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு எழுதும்போது காரணம் என்ன போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, அந்த வெள்ளைச் சட்டையின் பின்னால் அன்று முழுவதும் இருபத்தைந்திலேயே போனேன்.